நாற்பத்திரண்டு மில்லிமீட்டர் மரை

பழைய கேமரா லென்ஸ் ஒன்றை இன்றைய கேமராவில் மாட்ட ஓர் அலுமினிய வளையம் வாங்கினேன். லென்ஸோடு இறுகிப்போன அதைக் கழற்றித் தரச் சொல்லித்தான் அந்தப் பட்டறைக்கு முதலில் போனேன். கோவை கணபதியில், பம்ப் செட் உதிரிகள் கடையும் சின்ன லேத் பட்டறை அது. உள்ளே எண்ணெயும் சூடான இரும்பும் கலந்த வாசம். லேத்தில் நின்றிருந்த பெரியவர் இயந்திரத்தை நிறுத்தி, கையைக் கழிவுப் பஞ்சில் துடைத்துக்கொண்டு, லென்ஸை இரண்டு கையாலும் வாங்கினார். அது எனக்குப் பிடித்திருந்தது. கண்ணாடியைத் தொடாமல், உலோகத்தை மட்டும் பிடித்தார்.

பழைய சைக்கிள் டியூபில் ஒரு பட்டையை வெட்டி வளையத்தைச் சுற்றிப் பிடித்து, மெதுவாகத் திருகி எடுத்துவிட்டார். பிறகு இழுப்பறையிலிருந்து, மரையின் இடைவெளியை (பிட்ச்) அளக்கும் பிட்ச் கேஜை எடுத்தார். விசிறிபோல் விரியும் பல் தகடுகளில் ஒன்றை லென்ஸின் மரையில் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். இன்னொன்றை வளையத்தின் உள்பக்கம் வைத்தார். "கண்ணு, லென்ஸில் இருப்பது ஒன்று பிட்ச். வளையத்தில் இருப்பது முக்கால். இரண்டும் நாற்பத்திரண்டுதான். ஆனால் சேராது" என்றார்.

ஒரு வாரமாக எனக்குப் புரியாமல் இருந்தது அரை நிமிடத்தில் தெளிந்தது. எனக்கு விற்கப்பட்டது தொலைநோக்கியைக் கேமராவில் பொருத்தும் வளையம். அதில் இருப்பது 42 மில்லிமீட்டர் விட்டமும் 0.75 மில்லிமீட்டர் மரை இடைவெளியும் கொண்ட டி2 மரை. என் லென்ஸில் இருந்தது 42 மில்லிமீட்டர் விட்டமும் 1 மில்லிமீட்டர் இடைவெளியும் கொண்ட எம்42 மரை. ஒன்றரைச் சுற்று வரை இரண்டும் ஒத்துப்போவதுபோல் போகும். பிறகு ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும். வாங்கும்போது '42' என்ற எண்ணை மட்டும் பார்த்துவிட்டால் இதுதான் நடக்கும். இந்த லென்ஸ்களை வாங்க நினைப்பவர்களுக்கு நான் சொல்லும் முதல் சேதியும் இதுதான்: விட்டத்தோடு பிட்ச்சையும் கேளுங்கள்.

அன்று கழற்றிக்கொண்டு வந்த லென்ஸ் ஹீலியோஸ் 44-2. குவியத் தூரம் 58 மில்லிமீட்டர், ஒளி புகும் துளை முழுத் திறப்பில் எஃப் 2. இந்த எண் கூடினால் துளை சுருங்கும். ஷட்டர் செத்துப்போன ஒரு ஜெனித்-இ கேமராவோடு சேர்த்து 2,500 ரூபாய்க்கு வாங்கினேன். முன் வளையத்தில் பொறித்திருக்கும் தொடர் எண் 77 என்று தொடங்குகிறது. சோவியத் ஆலைகளின் எண்களில் முதல் இரண்டு இலக்கங்கள் பெரும்பாலும் ஆண்டைக் குறிக்கும். ஆக, இது 1977-இல் பிறந்தது. அதே மாதிரி லென்ஸ்கள் மாஸ்கோவுக்கு அருகில் உள்ள கிராஸ்னகோர்ஸ்க்கிலும், மின்ஸ்க்கிலும், வல்தாயிலும் லட்சக்கணக்கில் செய்யப்பட்டன. ஜெனித்-இ மட்டுமே முப்பது லட்சத்துக்கும் மேல் விற்றது. அதில் பெரும்பாலானவற்றின் மூக்கில் இந்த லென்ஸ்தான் இருந்தது. அபூர்வப் பொருள் என்று சொல்லி யாராவது கூடுதல் விலை கேட்டால் நம்ப வேண்டாம்.

ஆனால் அதன் வம்சம் அபூர்வமானது. ஜெர்மனியின் யேனா நகரத்து கார்ல் ஸைஸ் நிறுவனத்தில் வில்லி மெர்ட்டே என்பவர் 1920-களில் பயோட்டார் என்ற லென்ஸ் வடிவத்தை உருவாக்கினார். நான்கு தொகுதிகளில் ஆறு கண்ணாடிகள், நடுவில் துளை, இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும் வளைவுகள். அந்தக் குடும்பத்தில் 58 மில்லிமீட்டர் எஃப் 2 லென்ஸ் 1930-களில் வந்தது. போர் முடிந்ததும் யேனா சோவியத் பகுதிக்குள் போனது. அதற்குள் அமெரிக்கப் படை ஸைஸின் வல்லுநர்கள் பலரை மேற்கே அழைத்துச் சென்றிருந்தது. மிஞ்சியிருந்த இயந்திரங்களில் பெரும்பகுதியை சோவியத் ஒன்றியம் போர் இழப்பீடாகக் கொண்டுபோனது. பயோட்டாரின் கணக்கும் அந்த வழியே கிழக்கே பயணப்பட்டு, ஹீலியோஸ் என்று சூரியனின் கிரேக்கப் பெயரை ஏற்றுக்கொண்டது. என் மேசையில் இருக்கும் 230 கிராம் எடைக்குள் இத்தனையும் அடங்கியிருக்கிறது என்று நினைக்கும்போது, அதைப் பையில் கவனமில்லாமல் போட என்னால் முடிவதில்லை.

மரைக்கு வருகிறேன். என்னை உண்மையில் ஈர்த்தது லென்ஸைவிட அந்த மரைதான்.

1949-இல் கிழக்கு ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தில், குண்டுவீச்சில் தரைமட்டமான ஊரிலிருந்து, இரண்டு கேமராக்கள் இந்த மரையோடு வந்தன. ஒன்று ஸைஸ் இக்கானின் கான்டாக்ஸ் எஸ். கண்ணுக்கு நேரே வைத்து, இடம் வலம் மாறாமல் காட்சியைப் பார்க்க வைத்த முன்னோடிக் கேமராக்களில் ஒன்று. மற்றது பிராக்டிகா. பிறகு ஜப்பானின் அசாஹி நிறுவனம் 1957-இல் தன் முதல் பென்டாக்ஸில் இதே மரையை வைத்தது. அந்தக் கேமரா உலகெங்கும் விற்றதால், டிரெஸ்டனில் பிறந்த மரைக்குப் 'பென்டாக்ஸ் மரை' என்ற பெயரே நிலைத்துவிட்டது. யாஷிகா, ஃபுஜிகா, ரிக்கோ, மாமியா, சினான், கோசினா, ஒரு சில ஆண்டுகளுக்கு ஒலிம்பஸ்கூட இந்த மரையில் கேமரா செய்தார்கள். சோவியத் ஒன்றியம் செய்தது. மேற்கு ஜெர்மனியில் எடிக்ஸா செய்தது. பனிப்போரின் இரு பக்கத்திலும் செய்த கண்ணாடிகள் ஒன்றின் உடலில் இன்னொன்று தடையில்லாமல் ஏறின. கிராஸ்னகோர்ஸ்க்கில் செய்த ஹீலியோஸைத் தோக்கியோவில் செய்த பென்டாக்ஸில் திருகலாம். யேனாவின் கண்ணாடியை யாஷிகாவில் திருகலாம்.

இன்றைய கேமரா உலகில் இருந்து பார்க்கும்போது இது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது. இன்று பெரும்பாலான நிறுவனங்கள் லென்ஸைப் பூட்டும் வாயைத் தனித்தனியாக வைத்திருக்கின்றன. மின் தொடர்புகளும் அவை பேசிக்கொள்ளும் குறிமொழியும் அந்தந்த நிறுவனத்தின் சொத்து. எம்42-இல் ரகசியம் என்று எதுவும் இல்லை. ஒரு விட்டம், ஒரு பிட்ச், ஒரு தூரம். மூன்று எண்கள் தெரிந்தால் போதும். கணபதியில் இருக்கும் ஒரு கடைசல்காரர் அதை வெட்ட முடியும். உண்மையில் பிறகு எனக்கு ஒரு வளையத்தை அவர்தான் வெட்டிக்கொடுத்தார்.

அந்த மூன்றாவது எண் 45.46 மில்லிமீட்டர். லென்ஸ் வந்து உட்காரும் உலோக முகத்துக்கும் ஃபிலிமுக்கும் இடையே இருக்க வேண்டிய தூரம் அது. பழைய லென்ஸ் புதிய கேமராவில் வேலை செய்யுமா, செய்யாதா என்ற கேள்விக்கு விடை முழுக்க முழுக்க இந்த எண்ணில்தான் இருக்கிறது. கேமராவின் இந்தத் தூரம் 45.46-ஐ விடக் குறைவாக இருந்தால், மீதியை ஒரு வளையத்தால் நிரப்பிவிடலாம். கேனனின் பழைய டிஜிட்டல் கேமராக்களில் இது 44. ஒன்றரை மில்லிமீட்டர் தகடுபோன்ற வளையம் போதும். சோனியின் ஆடி இல்லாத (மிரர்லெஸ்) கேமராக்களில் 18; அங்கே 27.46 மில்லிமீட்டர் நீளக் குழாய் வேண்டும். ஃபுஜி எக்ஸில் 17.7, நிக்கான் ஸெட்டில் 16. எல்லாவற்றிலும் தாராளமாக இடம் இருக்கிறது. பிம்பத்தைக் கண்ணுக்கு அனுப்பும் ஆடி பெட்டிக்குள் இருந்த காலத்தில், அது ஏறி இறங்குவதற்கு விட்ட வெற்றிடம் இது. ஆடியை எடுத்துவிட்டதும் பெட்டி மெலிந்தது. மெலிந்த அந்த இடத்தில்தான் 70 ஆண்டு லென்ஸ்கள் எல்லாம் குடியேறியிருக்கின்றன.

நிக்கானின் பழைய எஃப் வகைக் கேமராக்களில் மட்டும் இந்தத் தூரம் 46.5. லென்ஸுக்கு வேண்டியதைவிட ஒரு மில்லிமீட்டர் அதிகம். ஒரு மில்லிமீட்டர்தானே என்று நினைத்து வாங்கியவர்களை எனக்குத் தெரியும். 58 மில்லிமீட்டர் லென்ஸ் ஒரு மில்லிமீட்டர் முன்னே தள்ளி நின்றால், சுமார் மூன்று மீட்டருக்கு அப்பால் எதுவுமே தெளியாது. எதிரே உட்கார்ந்திருப்பவரைப் படம் எடுக்கலாம். வாசலில் நிற்பவரை எடுக்க முடியாது. இதற்கென்று நடுவில் சின்னக் கண்ணாடி வைத்த வளையங்கள் கிடைக்கின்றன. ஆனால் அந்தக் கண்ணாடி லென்ஸின் குணத்தைக் கெடுத்துவிடுகிறது என்பது என் முடிவு. பழைய நிக்கான் மட்டும் வைத்திருப்பவர்கள், இந்த மரையை விட்டுவிட்டு நிக்கானின் சொந்தப் பழைய லென்ஸ்களைத் தேடுவதே நல்லது. அவை அருமையானவை.

மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இங்கே பேசும். வளையம் 0.1 மில்லிமீட்டர் நீண்டுவிட்டால், ஹீலியோஸின் பார்வை சுமார் 34 மீட்டரோடு முடிந்துவிடும். அதற்கு அப்பால் மலை, கோபுரம், நிலா எல்லாம் மங்கல். இதனால்தான் மலிவு வளையங்களைச் செய்பவர்கள் வேண்டுமென்றே ஒரு மயிரிழை குட்டையாகச் செய்கிறார்கள். அப்போது முடிவிலி எனும் வெகு தொலைவின் தெளிவு, ஃபோகஸ் வளையம் முட்டி நிற்பதற்கு முன்னாலேயே வந்துவிடும். படத்துக்குப் பழுதில்லை, லென்ஸின் மேல் பொறித்த மீட்டர் கணக்கு மட்டும் பொய்யாகிவிடும். எனக்கு அந்தக் கணக்கும் மெய்யாக வேண்டும் என்று ஆசை. பெரியவரிடம் சொன்னேன். அவர் இரண்டு முறை கடைந்து, மைக்ரோமீட்டரில் பார்த்து, மூன்றாவது முறை எடுத்தது ஒரு சுவாசம் அளவுதான் இருக்கும். இப்போது என் லென்ஸில் முடிவிலிக் குறியைத் தொட்டு நிறுத்தினால் மருதமலை தெளிவாக நிற்கிறது.

39 மில்லிமீட்டர் மரையிலும் இதே போன்ற ஒரு பொறி உண்டு. லைக்காவின் பழைய திருகு லென்ஸ்களுக்கு வேண்டிய தூரம் 28.8, ஆரம்பகால ஜெனித்தின் 39 மில்லிமீட்டர் லென்ஸ்களுக்கு 45.2. கையில் எடுத்துப் பார்த்தால் வாய் இரண்டும் ஒன்றுபோல் இருக்கும்.

லென்ஸைக் கேமராவில் ஏற்றியதும் முதலில் நடப்பது, கேமரா மறுப்பது. தன் முகத்தில் எதுவும் இல்லை என்று அது நினைக்கிறது. அமைப்புகளுக்குள் போய், லென்ஸ் இல்லாவிட்டாலும் ஷட்டர் இயங்கலாம் என்று அனுமதி கொடுக்க வேண்டும். கேமராவுக்குள் அதிர்வு தணிக்கும் வசதி இருந்தால், குவியத் தூரத்தையும் நாமே கையால் கொடுக்க வேண்டும். லென்ஸை மாற்றிவிட்டு இந்த எண்ணை மாற்ற மறந்தால், தணிக்க வேண்டிய இயந்திரம் தானே படத்தை ஆட்டிவிடும். ஒரு மாலை முழுவதும் 135 மில்லிமீட்டர் லென்ஸில் எடுத்த படங்கள் எனக்கு அப்படிப் போயின.

ஹீலியோஸ் 44-2-இல் துளைக்கு இரண்டு வளையங்கள். ஒன்றில் எண்கள் இருக்கும். எட்டோ பதினொன்றோ வேண்டிய எண்ணில் வைத்துக்கொள்ள வேண்டியது. மற்றது நழுவலாகச் சுழலும். முழுத் திறப்புக்கும் நாம் வைத்த எண்ணுக்கும் இடையே. முழுவதும் திறந்து, வெளிச்சமான காட்சியில் ஃபோகஸ் செய்து, கண்ணை எடுக்காமல் விரலால் அந்த வளையத்தை முட்டும் வரை திருப்பிப் படம் எடுக்க வேண்டும். முதல் நாள் குழப்பமாக இருக்கும். பத்தாவது நாள் விரலுக்குத் தெரிந்துவிடும். பின்னால் வந்த லென்ஸ்களில் இந்த வேலையைச் செய்ய, பின்பக்கம் ஒரு சிறு ஊசி இருக்கிறது. கேமரா அதை அழுத்தினால்தான் துளை மூடும். அத்தகைய லென்ஸ்களுக்கு, ஊசியை அழுத்திப் பிடிக்கும் விளிம்பு உள்ள வளையம் வாங்க வேண்டும். இல்லாவிட்டால் எந்த எண்ணில் வைத்தாலும் லென்ஸ் முழுத் திறப்பிலேயே நிற்கும். பென்டாக்ஸின் டக்குமார் லென்ஸ்கள் பெரும்பாலானவற்றில் பக்கத்தில் ஒரு தள்ளுப் பொத்தான் உண்டு. அதைக் கையியக்கத்துக்குத் தள்ளிவிட்டால் எந்த வளையமும் சரி.

எஃப் 2-இல், ஒன்றரை மீட்டர் தூரத்தில், தெளிவாக இருக்கும் ஆழம் சுமார் எட்டு சென்டிமீட்டர். மூக்கு நுனியிலிருந்து காது வரைகூட வராது. அரை மீட்டரில் அது ஒரு சென்டிமீட்டருக்கும் கீழே போய்விடும். தானியங்கி ஃபோகஸ் இல்லாமல் இதைப் பிடிப்பது பழைய கேமராக்களில் கடினமாக இருந்தது. இன்றைய மின்திரையில் காட்சியைப் பெருக்கிப் பார்க்கலாம். தெளிந்த விளிம்புகளை நிறம் காட்டித் தரும் வசதியும் உண்டு. நான் அந்த நிற விளிம்பை நம்புவதில்லை. எஃப் 2-இல் அது தாராளமாகப் பொய் சொல்லும். கண்ணிமையைப் பெருக்கி, வளையத்தை முன்னும் பின்னும் ஒரு நூல் அளவு ஆட்டி, தெளிவு வந்து கடந்து மீண்டும் வரும் இடத்தில் நிறுத்துவதே என் வழி.

இதில் எனக்குக் கிடைத்த முதல் நல்ல படம் அம்மாவுடையது. கொல்லையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். அம்மாவுக்குப் படம் எடுத்தாலே முகம் இறுகிவிடும்; புதிய லென்ஸின் ஃபோகஸ் சத்தம் கேட்டதும் நிமிர்ந்து சேலையைச் சரிசெய்துகொள்வார். அன்று நான் வளையத்தைத் திருப்பித் திருப்பி நேரம் எடுத்துக்கொண்டதில், எடுக்கப்போகிறேன் என்பதையே மறந்து வேலையில் மூழ்கிவிட்டார். ஒரு காம்பு கையில் இருக்க, அடுத்ததை நோக்கிக் கண் போன கணம். பின்னால் வேப்பமரத்து இலைகளின் இடைவெளியில் விழுந்த வெளிச்சப் புள்ளிகள் எல்லாம் அவரைச் சுற்றி வட்டமாகச் சுழன்று நின்றன.

அந்தச் சுழல்தான் இந்த லென்ஸுக்கு இன்று இவ்வளவு பெயர் வாங்கித் தந்திருக்கிறது. கண்ணாடியில் நேர்ந்த இரண்டு குறைகள் சேர்ந்து செய்யும் காரியம் அது. படத்தின் நடுவில் ஒளி லென்ஸின் முழு வட்டத்தின் வழியாக வருகிறது; ஓரங்களுக்குச் சாய்ந்து வரும் ஒளியை லென்ஸின் குழாய் விளிம்புகள் பாதி வெட்டிவிடுகின்றன. எனவே நடுவில் வட்டமாக விழும் ஒளிப்புள்ளி, ஓரத்தில் பூனைக்கண்போல் ஒடுங்கி, நடுவைச் சுற்றி வரிசை கட்டுகிறது. அதோடு, இந்த வடிவத்தில் தெளிவு விழும் தளம் தட்டையாக இல்லாமல் கிண்ணம்போல் வளைந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து பின்னணியைச் சுழற்றுகின்றன. ஃபிலிமின் இடத்தில் இருக்கும் உணரி, ஃபிலிம் சட்டத்தின் முழு அளவில் உள்ள கேமராவில்தான் இது நன்றாகத் தெரியும். சிறிய உணரியில் ஓரங்கள் வெட்டுப்பட்டுவிடுவதால் சுழலும் போய்விடும். அங்கே 58 மில்லிமீட்டர் லென்ஸ் ஏறக்குறைய 87 மில்லிமீட்டர் பார்வையில் சாதாரண, நல்ல முகப்பட லென்ஸாக நடந்துகொள்ளும். துளையை நான்கு அல்லது ஐந்து புள்ளி ஆறுக்கு மூடினாலும் சுழல் அடங்கிவிடும். சுழல் வேண்டும் என்பவர்கள் ஆளை ஒன்றரை மீட்டருக்குள் நிறுத்தி, பின்னால் ஏழெட்டு மீட்டர் தள்ளி இலையும் வெளிச்சமும் பொடிப்பொடியாக இருக்கும் இடத்தைத் தேட வேண்டும். நம் ஊர் வேம்பும் புளியும் இதற்கென்றே வளர்ந்ததுபோல் இருக்கின்றன. வெறும் சுவர் முன்னால் நிறுத்தினால் ஒன்றும் நடக்காது.

ஒரு சொல் இதைப் பற்றி. எல்லாப் படத்திலும் சுழல் இருக்க வேண்டும் என்று எடுப்பவர்களின் படங்களை என்னால் இரண்டுக்கு மேல் பார்க்க முடிவதில்லை. முகத்தைவிடப் பின்னணி உரக்கப் பேசினால் அது படமில்லை.

என்னிடம் இருப்பதில் எனக்கு மிகவும் பிடித்தது சூப்பர்-டக்குமார் 50 மில்லிமீட்டர் எஃப் 1.4. அசாஹியை நிறுவிய கஜிவாரா குமாவோவின் சகோதரர் தக்குமா கஜிவாரா. அமெரிக்காவில் வாழ்ந்த ஒளிப்படக் கலைஞர், ஓவியர். லென்ஸ்களுக்கு அவர் பெயரை வைத்தார்கள். ஓர் ஆலை தன் கண்ணாடிக்கு ஓர் ஓவியரின் பெயரைச் சூட்டியிருக்கிறது என்பது அந்த லென்ஸை எடுக்கும்போதெல்லாம் நினைவுக்கு வருகிறது. அதன் ஃபோகஸ் வளையம் சுழல்வதுபோல் வேறொன்று சுழன்று நான் பார்த்ததில்லை. வெண்ணெயில் கத்தி போவதுபோல் என்று பலரும் சொல்வார்கள். எனக்கு அது நன்றாக அரைத்த மாவில் கை போவதுபோல் இருக்கிறது. தடை இருக்கிறது, ஆனால் எல்லா இடத்திலும் ஒரே தடை.

எனக்கு அது வந்தபோது அதன் கண்ணாடி தேநீர் நிறத்தில் இருந்தது. முதலில் அழுக்கு என்று நினைத்தேன். ஏழு கண்ணாடிகள் கொண்ட பிந்தைய வடிவத்தில், ஒளியை அதிகம் வளைத்தும் நிறங்களைச் சிதறவிடாமலும் இருக்க, தோரியம் கலந்த கண்ணாடியைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். தோரியம் கதிரியக்கப் பொருள். அந்தக் கதிர்வீச்சு ஆண்டாண்டாகக் கண்ணாடியையே மஞ்சளாக்கிவிடுகிறது. புற ஊதா ஒளி பட்டால் மஞ்சள் கலையும். எனவே மொட்டை மாடியில், காலை வெயிலில், அடியில் அலுமினியத் தாள் விரித்து, பின்பக்கம் மேலே இருக்கும்படி வைத்தேன். தினமும் ஏழு முதல் ஒன்பது மணி வரை, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு. விட்டுவிட்டுப் போகக் கூடாது. லென்ஸ் சூரியனைக் குவித்துத் துணியையோ தாளையோ கொளுத்திவிடும். உச்சி வெயிலிலும் வைக்கக் கூடாது. உள்ளே இருக்கும் மசகு இளகித் துளை இதழ்களில் ஓடிவிடும். மூன்று வாரத்தில் தேநீர் நிறம் வெளுத்து, எலுமிச்சைச் சாறு அளவுக்கு வந்தது. அதோடு நிறுத்திக்கொண்டேன், மிச்சத்தை டிஜிட்டல் கேமராவில் நிறத்தைச் சரிசெய்யும் வெள்ளைச் சமன் பார்த்துக்கொள்கிறது. கதிரியக்கம் என்றதும் பயப்படுகிறவர்களுக்கு: கேமராவில் மாட்டிப் படம் எடுப்பதற்கு நான் தயங்குவதில்லை. ஆனால் அதைக் கழற்றி, கண்ணோடு ஒட்டி உருப்பெருக்கியாக வைத்துக்கொள்ள மாட்டேன். உடைந்தால் அந்தத் தூளை வெறுங்கையால் தொடவும் மாட்டேன்.

நம் ஊரில் இந்த லென்ஸ்களின் பெரிய பகை பூஞ்சைதான். கடலோர ஊர்களில் பீரோவுக்குள் தோல் உறையோடு மூடி வைத்த லென்ஸ்களில் பத்துக்கு ஏழெட்டு பூஞ்சையோடுதான் என் கைக்கு வந்திருக்கின்றன. தோல் உறை ஈரத்தைக் குடித்துக்கொண்டு உள்ளேயே வைத்திருக்கும்; லென்ஸைப் பாதுகாக்க எண்ணி வைத்ததே அதைத் தின்றுவிடுகிறது. வாங்கும்போது கைப்பேசி விளக்கைப் பின்பக்கமிருந்து சாய்வாக அடித்துப் பாருங்கள். சிலந்தி நூல்போல் கிளைவிட்டிருந்தால் பூஞ்சை. ஓரத்தில் மட்டும், மெல்லியதாக இருந்தால் துடைத்து எடுத்துவிடலாம். நடுவில் பழையதாக இருந்தால், அது வெளியிட்ட அமிலம் கண்ணாடியின் மேற்பூச்சை அரித்திருக்கும். துடைத்த பிறகும் தடம் நிற்கும். வானவில் நிறத்தில் பிறைபோல் ஓரத்தில் தெரிந்தால் இரண்டு கண்ணாடிகளை ஒட்டிய பிசின் பிரிகிறது என்று பொருள், அதை விட்டுவிடுங்கள். துளை இதழ்களில் எண்ணெய் இருப்பது, ஹீலியோஸ் போன்ற கையால் மூடும் லென்ஸில் பெரிய குறை இல்லை. ஊசியால் இயங்கும் லென்ஸில் குறைதான். இதழ்கள் ஒட்டிக்கொண்டு பிந்தி மூடும். தூசியைப் பற்றிக் கவலையே வேண்டாம். படத்தில் அது தெரியாது.

வாங்கிய பிறகு என்ன செய்வது என்றால், காற்றில் வையுங்கள், பயன்படுத்துங்கள், வெளிச்சம் படவிடுங்கள். ஈரப்பதத்தைக் காட்டும் சிறு மானியும் சிலிகா ஜெல்லும் போட்ட, காற்றுப் புகாத டப்பா ஒன்று போதும். மானி 40-க்கும் 50-க்கும் இடையே நிற்கட்டும். ரொம்பவும் உலர்ந்தால் மசகு காய்ந்துவிடும்.

ஹீலியோஸைத் திறந்து மசகு மாற்றியது என் வாழ்வின் நல்ல ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்று. ஐம்பது ஆண்டுப் பழைய சோவியத் மசகு மெழுகாக இறுகியிருந்தது. ஃபோகஸ் வளையத்துக்குள் ஒன்றுக்குள் ஒன்றாகப் போகும் மரைக் குழாய்கள் இருக்கின்றன. ஒரே சுற்றில் நெடுந்தூரம் நகர்வதற்காக, பல மரைகள் பக்கம் பக்கமாகத் தொடங்கி ஏறும்படி வெட்டியிருக்கிறார்கள். மரை தொடங்கும் எந்த வாயில் எது பிரிந்தது என்பதை ஊசியால் கீறிக் குறித்துக்கொள்ளாமல் கழற்றினால், திரும்பப் பூட்டும்போது பல வாய்களில் சரியான ஒன்றைத் தேடி உட்கார வேண்டும். நான் குறித்திருந்தேன். படமும் எடுத்து வைத்திருந்தேன். அப்படியும் இரண்டு முறை தவறாகப் பூட்டி மூன்றாவது முறைதான் சரியாக வந்தது. திறக்கும் எண்ணம் உள்ளவர்கள் ஹீலியோஸில் தொடங்குங்கள், டக்குமாரில் தொடங்காதீர்கள்.

இந்த அளவுக்குப் பழைய லென்ஸைப் பாராட்டுகிறவள் புதியதை வெறுக்கிறாள் என்று நினைத்துவிட வேண்டாம். தங்கை திருமணத்துக்கு நான் எடுத்துப் போனது தானியங்கி லென்ஸைத்தான். தாலி கட்டும் நொடிக்கு வளையம் திருப்பிக்கொண்டிருக்க முடியாது. வெயிலுக்கு எதிரே எடுத்தால் ஹீலியோஸின் ஒற்றைப் பூச்சு தாங்காது. படம் முழுவதும் பால் ஊற்றியதுபோல் வெளுத்துவிடும். ஓரங்களின் கூர்மையில் இன்றைய சாதாரண 50 மில்லிமீட்டர்கூட அதை வென்றுவிடும். இவை உண்மை.

ஆனால் என்னிடம் இருக்கும் அந்தத் தானியங்கி லென்ஸின் ஃபோகஸ் வளையம் எதையும் நகர்த்துவதில்லை. அது திரும்பும் அளவை ஓர் உணரி படித்து, உள்ளே இருக்கும் மோட்டாருக்குச் சொல்கிறது. மின்சாரம் இல்லாவிட்டால் வளையம் வெறுமனே சுற்றும். துளையும் அப்படியே. அந்த மோட்டாரின் உதிரி கிடைக்காமல் போகும் நாளில், அதைச் செய்த நிறுவனம் அந்த வாயைக் கைவிடும் நாளில், உள்ளே இருக்கும் நல்ல கண்ணாடி பூட்டிய வீட்டில் இருப்பதுபோல் இருந்துவிடும். 1975-இல் பென்டாக்ஸ் திருகு மரையை விட்டுவிட்டு, கால் சுற்றில் பூட்டிக்கொள்ளும் புதிய வாய்க்கு மாறியது. அப்போதுகூட அந்தத் தூரத்தை 45.46 ஆகவே வைத்துக்கொண்டார்கள். பழைய லென்ஸ் வைத்திருப்பவர் ஒரு மெல்லிய வளையத்தை உள்ளே திருகினால் போதும் என்பதற்காக. புதிய கேமரா வாங்குகிறவரிடம் பழைய கண்ணாடியைத் தூக்கிப் போடு என்று சொல்லாத மரியாதை அது. அதை எண்ணும்போது எனக்கு மனம் நிறைகிறது.

சென்ற மாதம் மறுபடி பட்டறைக்குப் போனேன். அவர் வெட்டிக்கொடுத்த வளையத்தில், அவர் லேத்தின் முன் நிற்கும் படத்தை எடுத்து, அச்சிட்டுக் கொண்டுபோயிருந்தேன். படத்தைப் பார்த்தார், சட்டைப் பையில் கண்ணாடி தேடிப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். பிறகு அதைக் கணக்கு நோட்டுக்குள் வைத்துவிட்டு, லென்ஸைக் கேட்டார். ஃபோகஸ் வளையத்தைக் கடைசி வரை திருப்பி, உள்ளிருந்து எழும்பி வந்த மரையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். எத்தனை வாய் என்று நகத்தால் எண்ணத் தொடங்கினார். பாதியில் விட்டுப்போய், முதலிலிருந்து எண்ணினார். வாசலில் லோடு ஏற்ற வந்த வண்டிக்காரர் இரண்டு முறை கூப்பிட்டும் அவர் திரும்பவில்லை.